எண்ணூற்று எழுபத்தைந்து

கத்திரி தொடங்கிப் பதினோராம் நாள்.
சத்துவாச்சாரியில் மொட்டைமாடிக்கு நேர்கீழே
எங்கள் ஒற்றை அறை.
வெளியே நாற்பத்திரண்டு டிகிரி.
மேசைக்கடியில் எண்பத்து நான்கு,
சரியாக இரண்டு மடங்கு.

காட்பாடி விடுதியில் பார்கவிடம் வாங்கிய
கிராஃபிக்ஸ் கார்டு.
நெல்லூர் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று
குளித்த துண்டில் சுற்றிக் கொடுத்தான்.
"ஃபுல்லா ஓவர்க்ளாக் ப்ரோ, பறக்கும்."
பறக்கத்தான் செய்தது.
மூன்று விசிறியும் சேர்ந்து
பழைய பஸ் ஸ்டாண்டில் ஆள் நிரம்பும்வரை
நின்ற இடத்திலேயே உறுமும்
ஆற்காடு வண்டியைப் போல.

சுகிர்தா இரவு டியூட்டி முடிந்து எட்டரைக்கு வருவாள்.
கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அகலம்.
அவள் கண்ணயரும் நேரம்தான்
நான் ரெண்டர் போடும் நேரம்:
முனிரத்தினத்தின் மனைப்பிரிவு,
அரியூர்ப் பொட்டலில் இன்னும் எழும்பாத வீடுகள்,
நடுவே நீச்சல் குளம்.
சுற்றுவட்டாரக் கிணறுகள் எல்லாம் சேர்ந்தும் காணாத அந்தத் தண்ணீரில்
ஒவ்வோர் அலைக்கும் வெளிச்சம் எப்படி உடையும் என்று
கணக்குப் போட்டுப் போட்டே
வெந்துகொண்டிருந்தது கார்டு.

நேற்று டீ போடப் போனால்
சமையலறைத் தரையில், சிலிண்டர் ஓரம்,
துப்பட்டாவைக் காதோடு இறுக்கித் தூங்குகிறாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும்,
நானும் தப்பித்திருப்பேன்.

இன்று வேலையை நிறுத்திவிட்டு
அந்த வளைகோட்டைத் திறந்தேன்.
எத்தனை மெகாஹெர்ட்ஸுக்கு எத்தனை மில்லிவோல்ட்,
புள்ளி புள்ளியாய் ஒரு மலைப்பாதை.
உச்சியில் பார்கவ் விட்டுப்போன எண்:
ஆயிரத்து எண்பத்தொன்று.

தெருவே லோ வோல்டேஜில் கிடக்கிறது.
ஸ்டெபிலைசர் டக், டக்கென்று நாக்குக் கொட்டுகிறது.
மின்வாரியத்துக்கு மூன்று புகார் எழுதியவன்
என் கையாலேயே வோல்டேஜைக் குறைக்கிறேன்.

ஆயிரத்து ஐம்பது.
ஆயிரம்.
தொள்ளாயிரத்து ஐம்பது.
குளத்தில் அலை ஒன்றுகூடத் தவறவில்லை.
இத்தனை நாளும் எதற்கு அவ்வளவையும் குடித்தாய்?

தண்ணீர்ச் சொம்போடு வந்து
நாற்காலியில் உட்கார்ந்தாள்.
என்ன என்றாள், சொன்னேன்.
"பிரஷர் மருந்தை இப்படித்தான் இறக்குவோம்.
கொஞ்சம் குறைச்சிட்டு மானிட்டரைப் பாரு.
உடனே பாக்காத, இருந்து பாரு.
சில பேருக்கு ஒரு ராத்திரி போதும்.
ஏழாம் பெட்டுக்கு நேத்து..."
நிறுத்திக்கொண்டாள்.
நான் கேட்கவில்லை.
தொள்ளாயிரம் என்று தட்டினேன்.

எண்ணூற்று எழுபத்தைந்து, தாங்கியது.
ஆசை யாரை விட்டது,
எண்ணூற்று ஐம்பது.

திரை கறுத்தது.
அவள் கை தன்னால் வந்து
என் மணிக்கட்டைப் பிடித்தது,
நாடி பார்க்கிற இடத்தில்.
ஒரு நிமிடம் இருவரும்
கறுப்பில் தெரிந்த எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
"விட்டதை ஏத்து" என்றாள்.

ஏற்றினேன்.
ஒரே ஆலையில் வார்த்தாலும்
ஒவ்வொன்றுக்கும் ஒரு தரை உண்டாம்,
இதற்கு அது எண்ணூற்று எழுபத்தைந்து.
அறுபத்தேழு டிகிரி.
நூறு ஃபிரேமுக்கு நான்கு குறையும்,
முனிரத்தினத்தின் கண்ணுக்குத் தெரியாது.

விசிறிகள் ஒவ்வொன்றாய்த் தணிய
அறைக்குள் முதலில் வந்தது
பெங்களூர் ரோட்டில் லாரி கியர் மாற்றும் சத்தம்.
பிறகு கீழ்வீட்டுக் குக்கர்.
பிறகு, கட்டிலில், அவள் மூச்சு.
லேசாகக் குறட்டை விடுவாள் என்பது
கல்யாணமாகி இரண்டு வருடத்தில்
இன்றைக்குத்தான் தெரியும்.

ஐந்து மணிக்கு முனிரத்தினம் அழைத்தார்.
தண்ணீர் இன்னும் கொஞ்சம் நீலமாக வேண்டுமாம்.
சரி என்றேன்,
அவள் புரண்டு படுக்காத அளவு குரலில்.